பலாப்பழம் தின்றது ரயிலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். "பாதி வழியில் அவசரம் வந்து மானம் போவதற்குப் பெரிதும் காரணம் வசதி இல்லாத பாதையா, கணக்குத் தெரியாத பயணியா?" என்பது தலைப்பு. பயணிதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் 1909-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப் போகிறார். கார்டு விசில் ஊதிவிடுகிறார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டி என்று ஓடிவந்து, பிளாட்பாரத்தில் ஆண் பெண் அத்தனை பேர் பார்க்க விழுகிறார். சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதம்தான் அது. டில்லி ரயில் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற காட்சிப்பொருள். ஆனால் தலைவரே, கடிதத்தின் தொடக்கத்தை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? பலாப்பழத்தால் வயிறு வீங்கிப்போய் வந்து சேர்ந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறாரே! கார்டு ஐந்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். பலாப்பழம் தின்றது யார், ரயிலா?

அவசரம் திடீரென்று வந்தது என்கிறோமே, அது பொய். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுதான் அது. பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400, 500 மில்லி கொள்ளும். 150, 200 வந்ததுமே முதல் தகவல் மேலே போய்விடும். சாதாரணமாக மணிக்கு 60 மில்லி அளவில்தான் சேர்கிறது என்பதால் நான்கைந்து மணி நேரம் தாராளமாக ஓடும். பேருந்து ஏறும் அவசரத்தில் அரை லிட்டர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் கதை வேறு. ஒரு மணி நேரத்தில் சிறுநீரகம் மடையைத் திறந்துவிடும். இரண்டு, மூன்று மணிக்குள் குடித்ததில் பெரும்பகுதி கீழே வந்து நிற்கும். ஏசி பேருந்து என்றால் வியர்வையும் இல்லை, குளிர் வேறு சேர்ந்துகொள்ளும். இதற்கு நெடுஞ்சாலைத் துறை என்ன செய்யும்?

உடனே எதிரணி அம்மையார், "அப்படியானால் தண்ணீரே குடிக்கக் கூடாதா?" என்று கேட்பார். அம்மா, அதுதான் இன்னும் பெரிய தப்புக் கணக்கு. குடிக்காமல் கிடந்தால் சிறுநீர் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, கொஞ்சம் சேர்ந்தாலும் எரிந்து உறுத்தும். அடக்குவதும் குடிக்காததும் சேர்ந்தால் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வர வழி திறந்துவிடுகிறது. செய்ய வேண்டியது இது: வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பதைக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். ஏறிய பிறகு மணிக்கு அரை டம்ளர், வாய் வாயாக. வெயில் பயணம் என்றால் இன்னும் கூடுதலாக. கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டு, ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஒருமுறை முயலுங்கள். மிச்சம் கிடப்பது அப்போதுதான் வரும்.

இரண்டாவது அவசரத்துக்கு, அதாவது மலத்துக்கு, வருகிறேன். முகம் சுளிக்காதீர்கள், தலைப்பே அதுதான். வயிற்றில் சோறு விழுந்ததும் பெருங்குடலுக்கு "இடம் காலி செய்" என்று உத்தரவு போகிறது. சாப்பிட்ட அரை மணி, ஒரு மணிக்குள் பலருக்கும் வருவது அந்த உத்தரவுதான். காலையில் எழுந்ததும் அதன் வேகம் அதிகம். நம்மவர் என்ன செய்கிறார்? நாலு மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, காபியை ஊற்றிக்கொண்டு, நாலரைக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். குடல் அப்போதுதான் சோம்பல் முறிக்கிறது. திண்டிவனம் தாண்டும்போது முழுசாக விழிக்கிறது. கிளம்புவதற்கு ஒன்றரை மணி முன்பே எழுந்து, வெந்நீரோ காபியோ குடித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் குடலுக்கு அவகாசம் கொடுத்திருந்தால் கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

மோட்டலில் நடப்பதைப் பாருங்கள். வண்டி நிற்பதே பதினைந்து, இருபது நிமிடம். இறங்கியதும் கூட்டம் பரோட்டாக் கல்லுக்கு ஓடுகிறது. தின்று முடித்து, ஹாரன் அடிக்கும் நேரத்தில் கழிவறை வரிசையில் போய் நிற்கிறது. தலைகீழ்! முதலில் கழிவறை, அப்புறம் இலை. வரவில்லை என்றாலும் போய்வர வேண்டும். எண்ணெய் மிதக்கும் சால்னாவை மூக்குப் பிடிக்கத் தின்றால், குடலுக்கு உத்தரவு போகும் நேரமும் வண்டி கிளம்பும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

பயண நேரத்தை மட்டும் கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நாசாக்காரர்கள். 1961 மே 5. விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட். பறப்பது பதினைந்தே நிமிடம், அதற்கு எதற்கு ஏற்பாடு என்று விட்டுவிட்டார்கள். தரையிலேயே தாமதமாகி, நான்கு மணி நேரத்துக்கு மேல் கலத்துக்குள் மல்லாந்து கிடந்தார் மனிதர். கடைசியில், உடம்பில் ஒட்டியிருந்த கருவிகளின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உடைக்குள்ளேயே போகச் சொன்னார்கள். ராக்கெட்டுக்கே அந்தக் கதி என்றால் தாம்பரம் டிராபிக்கில் நிற்கும் வண்டிக்கு என்ன? கணக்கு, ஏறுவதிலிருந்து இறங்குவது வரை அல்ல. வீட்டுக் கழிவறையிலிருந்து அடுத்த கழிவறை வரை. சென்னை பீச் நிலையத்திலிருந்து செங்கல்பட்டுக்கு 60 கிலோமீட்டர் போகும் மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. தினமும் போகிறவருக்கே அது நடுவழியில்தான் ஞாபகம் வருகிறது.

சரி, வந்தேவிட்டது. ஓடாதீர்கள். ஓடினால் வயிற்றின் அழுத்தம் கூடிச் சிறுநீர்ப்பைக்குத்தான் பாரம். இருந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, அடக்கும் தசையை ஐந்தாறு முறை வெடுக் வெடுக்கென்று இறுக்கி விடுங்கள். அவசரம் அலை மாதிரி. ஒன்றிரண்டு நிமிடத்தில் தணியும். தணிந்த பிறகு நடங்கள். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போது முட்டிக்கொண்டு வருகிறதே, அது பை நிறைந்ததால் மட்டுமல்ல, கதவைப் பார்த்து மூளை கொடுக்கும் சைகையாலும்தான். அங்கேயும் இதே வைத்தியம். கண்டக்டரிடம் உச்சத்தில் போய்ச் சொல்லாதீர்கள். பாதி அவசரத்திலேயே "அண்ணே, அடுத்த பெட்ரோல் பங்க்ல ஒரு நிமிஷம்" என்று சொல்லி வையுங்கள். பங்க்குகளில் கழிவறை இருக்க வேண்டும் என்பது விதி, கேட்பதில் வெட்கமில்லை.

பையில் என்ன இருக்கிறது என்பதும் பயணியின் பொறுப்பே. அகன்ற வாய், திருகு மூடி கொண்ட பாட்டில், காகித சோப்பு, மறைப்புக்கு ஒரு பழைய லுங்கி, மாற்று உள்ளாடை, சில்லறை. பெண்கள் நின்றபடியே பயன்படுத்தும் புனல் வந்துவிட்டது, ஆனால் அதை முதல்முதலாக நெடுஞ்சாலையில் பிரிக்காதீர்கள். பின்பக்கம் உடம்போடு ஒட்டாவிட்டால் காலில் வழியும், வேகமாகப் போனால் ததும்பும். வீட்டுக் குளியலறையில் இரண்டு மூன்று தடவை பழகிக்கொள்ள வேண்டும். ரயில் கழிவறையில் குந்துவதற்கு முன் பின்பாக்கெட் போனை எடுத்துச் சட்டைப்பைக்கு மாற்றாதீர்கள், குனிந்தால் அதுவும் விழும். வெளியில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பேதியாகிவிட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கண்ணளவில் கொட்டாதீர்கள். ஒரு லிட்டருக்கானது என்றால் முழுதும் ஒரு லிட்டரில்தான். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் இருக்கிறது, உறையைப் படியுங்கள். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால், பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடக் கூடாது. குழந்தைகளுக்கு அறவே கூடாது.

ஓரிடத்தில் எதிரணிக்குத் தலைவணங்குகிறேன். நீரிழிவுக்காரர், புராஸ்டேட் வீங்கியவர், கர்ப்பிணி, இவர்களிடம் எந்தக் கணக்கும் முழுதாகச் செல்லாது. பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிவறைக்கு எங்கள் அணியிடமும் பதில் இல்லை. தலைப்பு "பெரிதும்" என்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள். நடுவர் அவர்களே, முதல் பேச்சாளர் எழுந்ததிலிருந்து உங்கள் மேசையில் மூன்றாவது டம்ளர் காலியாகிறது. தீர்ப்புரையோ அரை மணி நேரம். மேடைக்குப் பின்னால், வலப்பக்கம், இரண்டாவது கதவு.