சுடுமல்லியை உறங்கவிட்டவர்

(வேளாண் மாணவர்களும் மானாவாரி விவசாயிகளும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். என் கையில் இருக்கும் இந்தச் செடி, காலையில் வரும் வழியில் ஒரு சோளக்கொல்லையில் பிடுங்கியது. ஒரு சாண் உயரம்கூட இல்லை, வெள்ளையாகப் பூத்திருக்கிறது. முன்வரிசைப் பெரியவர் பார்த்தவுடனே "சுடுமல்லி" என்று சொல்லிவிட்டார். கொல்லைக்காரர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மழ பெஞ்சும் பயிரு வாடுதுங்க ஐயா."

வாடத்தான் செய்யும். இது மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே, கீழே சோளத்தின் வேரில் ஒட்டிப் பல நாளாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆப்பிரிக்காவில் இதன் இனமான இன்னொரு செடி ஊதா கலந்த இளஞ்சிவப்பாகப் பூக்கும். பூ பார்க்க அழகு. ஆனால் அது மண்டிய வயலில் சில வருடம் ஒரு கதிர்கூட வீடு வந்து சேராது.

அந்தச் செடியோடு வாழ்நாளெல்லாம் போராடியவர் சோள ஆராய்ச்சியாளர் கெபிசா எஜெட்டா. 1950இல் எத்தியோப்பியாவில் ஒரு சிற்றூரில், ஒற்றை அறைக் கூரைவீட்டில் பிறந்தார். அங்கே முதல் பெயர்தான் ஆளின் பெயர், அடுத்தது தகப்பனார் பெயர். நம் முறையில் எ. கெபிசா என்று எழுதலாம்! ஞாயிறு மாலை இருபது கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போவார், வாரம் முழுக்க அங்கேயே தங்குவார், வெள்ளிக்கிழமை நடந்தே வீடு திரும்புவார். பொறியியல் படிக்க ஆசைப்பட்டவரை வேளாண்மைக்குத் திருப்பியது அவர் தாயார். அந்த அம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டின் சார்பில் சூடானுக்குப் போனார். 1983இல் அங்கே வெளிவந்தது அவருடைய வறட்சி தாங்கும் வீரிய ஒட்டுச் சோளம், 'ஹகீன் துரா-1'. அரபியில் ஹகீன் என்றால் ஒட்டு, துரா என்றால் சோளம். அந்த நேரத்தில்தான் அந்நாட்டில் கடும் வறட்சி. ஒட்டு ரகத்துக்கு ஆண்டுதோறும் புது விதை வேண்டுமல்லவா? அதனால் விதை உற்பத்திக்கும் சேர்த்தே பாடுபட்டார். ரகத்தை வெளியிட்டதோடு வேலை முடிந்ததென்று கைகழுவும் ஆராய்ச்சியாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இனி சுடுமல்லிக்கு வருவோம். இதன் விதை மூக்குப்பொடி மாதிரி. ஒரு செடியே பல்லாயிரம் விதை உதிர்க்கும். அந்த விதை மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உறங்கும். எப்போது விழிக்கும்? பக்கத்தில் சோள வேர் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும்போது. அதற்கு ஸ்ட்ரைகோலாக்டோன் என்று பெயர். சோளம் அதைக் கசியவிடுவது, மண்ணிலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எடுத்துத் தரும் நல்ல பூஞ்சையைக் கூப்பிடத்தான். அந்தக் குரலைச் சுடுமல்லியும் கேட்டுவிடுகிறது. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் வேர் இன்னும் அதிகமாகக் கசியவிடும். ஆக, ஏழை விவசாயியின் மெலிந்த நிலத்தில்தான் களைக்கு அழைப்பு பலமாகப் போகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கெபிசாவும், உயிர்வேதியியலர் லாரி பட்லரும் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். களையை விழிக்கவைக்கும் பொருளை மிகக் குறைவாகச் சுரக்கும் சோளங்களைத் தேடி எடுத்து, நல்ல விளைச்சல் தரும் ரகங்களோடு சேர்த்தார்கள். விதை பக்கத்திலேயே கிடக்கும், ஆனால் விழிக்காது. 1994இல் எட்டு டன் விதை பன்னிரண்டு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனது. இவை ஒட்டு ரகங்கள் அல்ல. விவசாயி தன் கதிரிலிருந்தே அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னர் இந்த விதையோடு உரத்தையும், மழைநீர் தேக்கும் வரப்பையும் ஒரே தொகுப்பாக வயலுக்குக் கொண்டுபோனார். ரகம் மட்டும் தனியாக நின்று ஜெயிக்காது என்று அவருக்குத் தெரியும்.

2009இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதன்பிறகும் அவர் நிற்கவில்லை. களையை விழிக்கவைக்காத அந்தச் சோளத்தின் தன்மைக்குக் காரணமான மரபணு எது என்று அவருடைய ஆய்வுக் குழு 2017இல் அடையாளம் காட்டியது. அதில் வேர் அந்தப் பொருளை அடியோடு நிறுத்திவிடுவதில்லை, வேறொரு வடிவத்தில் சுரக்கிறது. களை விதைக்கு அந்த வடிவம் அவ்வளவாகப் புரிவதில்லை.

மாணவர்களே, கூட்டம் முடிந்ததும் இந்தச் செடியை இங்கே மேசைமேல் வைக்கிறேன். வேரைப் பிரித்துப் பாருங்கள், சோள வேரின் துண்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. பார்த்த பிறகு வெளியே எறிந்துவிடாதீர்கள். விதை உதிரும், எரித்துவிடுங்கள்.