பலப்பமும் பாறைத்தூசியும்
(தில்லியில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். சிலேட்டும் பலப்பமும் கொண்டு அகரம் எழுதிய தலைமுறையினர் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். அந்தக் கல்லை உடைத்தவர்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பிரிட்டனில் உள்ள வட வேல்ஸின் மலைப் பள்ளத்தாக்கில் பிளைனை ஃபெஸ்டினியோக் என்றோர் ஊர் இருக்கிறது. கூரை வேயும் சிலேட்டுக்கல்லுக்காக மலையைக் குடைந்து, ஒரு பங்கு கல்லுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாகக் கழிவை வெளியே கொட்டியதால், ஊரைச் சுற்றிலும் சாம்பல் நிறக் குன்றுகள் எழுந்தன. 1951இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா அமைந்தபோது, ஊர் அதன் நடுவில் இருந்தும் இந்தக் குன்றுகளால் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது.

தொடையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு பாறைமுகத்தில் தொங்கியபடி, தம் கூலியிலிருந்தே வாங்கிய மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் துளையிட்ட அந்தத் தொழிலாளர்கள், நண்பகல் உணவுக்குக் 'கபன்' என்ற சிறு குடிலில் கூடிப் பாடினார்கள், கவிதை புனைந்தார்கள், அரசியலும் சமயமும் வாதிட்டார்கள், எல்லாம் தம் வெல்ஷ் மொழியிலேயே. 1884இல் பாங்கரில் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வட வேல்ஸின் குவாரித் தொழிலாளர்கள் வாரக்கூலியிலிருந்து காசு சேர்த்துக் கொடுத்தார்கள். தாய்மொழி வழங்கும் மண்ணை விட்டு வந்து தலைநகரில் வாழும் நமக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் கபனில் பாடிய அதே நெஞ்சுக்குள் கல்தூசி படிந்துகொண்டிருந்தது. மூச்சுத்திணறி மடிந்தவர்களைக் கண்ட குவாரி மருத்துவர்கள் சிலர், நெடுநேரம் கொதித்த தேநீரே காரணம் என்று சாட்சி சொன்னார்கள். இதைப் படித்த நாளிலிருந்து என் மனம் ஆறவில்லை. கல்தூசி நுரையீரலில் படிவதால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு உரிய இழப்பீடு கிடைக்க வழிசெய்த சட்டம் 1979இல்தான் வந்தது. அதற்குள் குவாரிகள் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தன.

நம் பலப்பத்திலும் இந்தத் தூசி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் பலப்பம் அறுத்த தொழிலாளர்கள் இளவயதிலேயே இந்நோய்க்கு இரையானார்கள். அவ்வளவு தொலைவும் போக வேண்டாம்: இதே தில்லியின் தெற்கில், லால் குவானில் கல்லுடைக்கும் ஆலைகளை 1992இல் உச்ச நீதிமன்றம் மூடச் செய்தது. ஆலைகள் நின்ற பின்னும், அங்கே கல்லுடைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் மூச்சுக்குப் போராடினார்கள்.