மே மாதப் பட்டியல்: இங்கிலாந்தின் கீழ் லீக் டிஃபென்டர் எப்படி வாழ்கிறார்?

[திரையில்: ஒரு கிளப்பின் இணையப் பக்கம், மேலிருந்து கீழாகப் பெயர்கள்]

மே மாதம். சீசன் முடிந்த சில நாட்களில் இங்கிலாந்தின் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பட்டியல் வெளியிடும். ஒப்பந்தம் இருப்பவர்கள், புது ஒப்பந்தம் கொடுக்கப்படுபவர்கள், விடுவிக்கப்படுபவர்கள். பிரீமியர் லீக் நட்சத்திரத்துக்கு இதனால் தூக்கம் கெடாது. லீக் டூவில் ஆடும் சென்டர் பேக்குக்கு, நாம் ஸ்டாப்பர் என்கிறோமே அவருக்கு, அடுத்த வருடம் எந்த ஊரில் குடியிருப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதையெல்லாம் இந்தப் பட்டியல்தான் முடிவு செய்கிறது. இந்த மட்டத்தில் ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தங்கள்தான் சகஜம். அது ஜூன் 30-ல் முடியும்.

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. இந்த 72 அணிகளும் இ.எஃப்.எல். (இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்) அமைப்புக்குள் வரும். அதற்கும் கீழே நேஷனல் லீக்கில் தொடங்கி, ‘நான்-லீக்’ என்ற பெரிய உலகம். நாம் பேசப்போவது லீக் ஒன், லீக் டூ, அதன் விளிம்பில் இருப்பவர்களைப் பற்றி.

பையன் 16 வயதில் கிளப்பில் இரண்டு வருட ஸ்காலர்ஷிப்பில் சேர்கிறான். பயிற்சியோடு படிப்பும் உண்டு. 17 வயதிலிருந்து தொழில்முறை ஒப்பந்தம் போடலாம், ஆனால் பலருக்கு 18-ல் ‘வேண்டாம்’ என்றுதான் பதில் வரும். தப்பியவனை உடனே முதல் அணியில் இறக்க மாட்டார்கள். நான்-லீக் கிளப்புக்கு லோனில், அதாவது இரவலாக, அனுப்புவார்கள். டிஃபென்டருக்கு இது அவசியம். அகாடமி மேட்ச்சில், அதாவது கிளப்புகளின் இளைஞர் அணி ஆட்டத்தில், எதிரணி பந்தைத் தரையில் உருட்டி விளையாடும். நான்-லீக்கில் முப்பது வயது ஸ்ட்ரைக்கர் ஒருவர் முதுகை அவன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நிற்பார். அங்கே கற்பதை வேறெங்கும் கற்க முடியாது.

[திரையில்: பாதி மைதானத்தின் வரைபடம், இரண்டு சென்டர் பேக், ஒரு ஸ்ட்ரைக்கர்]

அந்த மோதலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எதிரணி தன் பாதியிலிருந்து உயரமாக ஒரு பந்து அடிக்கிறது. பந்து காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சென்டர் பேக் ஒருமுறை ஸ்ட்ரைக்கர் எங்கே என்று பார்த்திருக்க வேண்டும். பந்து வந்த பிறகு பார்க்க நேரமில்லை. உடம்பு நேராக நிற்கக் கூடாது, பக்கவாட்டில் திரும்பி, ஒரு கால் முன், ஒரு கால் பின். முன்னே ஓடவும் பின்னே ஓடவும் அப்போதுதான் முடியும். பிறகு ஓடிவந்து ஸ்ட்ரைக்கருக்கு முன்பே எகிற வேண்டும். நின்ற இடத்திலிருந்து எகிறினால் உயரம் கிடைக்காது, அவர் முதுகால் லேசாகத் தள்ளினாலே போதும், நிலை குலையும். பந்து நெற்றியில் படவேண்டும், உயரமாக, தூரமாக, ஓரமாகப் போகவேண்டும். நடுவே விழுந்தால் அது எதிரணிக்குக் கொடுத்த பாஸ்.

இன்னொரு சென்டர் பேக் அந்த நேரத்தில் சில மீட்டர் பின்னே இறங்கி நிற்க வேண்டும். கீழ் லீக்கில் விழும் கோல்களில் வேதனையானது, இரண்டு பேரும் ஒரே பந்துக்கு எகிறிப் பின்னால் வாசலைத் திறந்து விடுவதுதான். ஒருவர் வாய்விட்டு ‘என் பந்து’ என்று கத்தினால் போதும், அது நடக்காது. இன்னொரு தவறு, பந்தைத் தரையில் குத்த விடுவது. ஜனவரியில் மைதானம் ஒரு பக்கம் சேறு, இன்னொரு பக்கம் பனியில் இறுகிப்போன மண். குத்திய பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எதிர்க்காற்று அடித்தால் உயரப் பந்து பாதி வழியில் நின்றுவிடும். அதனால் ஒரு அடி பின்னே தள்ளி நிற்காமல், விழப்போகும் இடத்தை நோக்கி முன்னே வர வேண்டும்.

இதை லீக்கில் மட்டும் 46 மேட்ச் செய்ய வேண்டும். எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, இ.எஃப்.எல். டிராஃபி தனி. சனி, செவ்வாய், மறுபடி சனி என்று வாரங்கள் ஓடும். கார்லைலும் பிளைமத்தும் ஒரே லீக்கில் இருந்த ஆண்டுகளில் ஒரு மேட்ச்சுக்காக ஒரு வழிக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனார்கள்.

மஞ்சள் கார்டுக் கணக்கையும் சொல்லியாக வேண்டும், டிஃபென்டருக்கு அதுவும் சம்பளக் கணக்கு. லீக்கில் அணியின் 19-வது மேட்ச் முடிவதற்குள் 5 மஞ்சள் வாங்கினால் ஒரு மேட்ச் தடை. 37-வது மேட்ச்சுக்குள் 10 என்றால் இரண்டு. சீசனுக்குள் 15 என்றால் மூன்று. சம்பளத்தின் ஒரு பகுதி பல ஒப்பந்தங்களில் ஆடிய மேட்ச்சுக்கு இவ்வளவு, கோல் விடாத மேட்ச்சுக்கு இவ்வளவு என்று பிரிந்திருக்கும். தடை வாங்கினால் அந்தப் பணம் போகும். நான்கு மஞ்சளோடு நவம்பரில் ஆடும் சென்டர் பேக் நடு மைதானத்தில் சட்டையைப் பிடித்து இழுக்கும் வேலையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிடுவதைப் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை மேட்ச் ஆடினால் அடுத்த வருடம் தானாக நீளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கைக்கு ஒன்றிரண்டு மேட்ச் குறைவாக இருக்கும்போது, காயமும் இல்லை, ஃபார்மும் போகவில்லை, திடீரென்று பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிறவர்கள் உண்டு. விதியை மீறாமலே ஒரு மனிதனின் உழைப்பைத் தட்டிப்பறிக்கும் வழி இது. அதனால்தான் கையெழுத்துப் போடும்முன் அந்த எண்ணைத்தான் ஏஜென்ட் முதலில் குறைக்கப் பார்ப்பார்.

24 வயதுக்குள் ஒப்பந்தம் முடிகிறது, பழைய கிளப் குறையாத சம்பளத்தில் புது ஒப்பந்தம் கொடுக்க முன்வந்தது என்றால், அவரை எடுக்கும் கிளப் இழப்பீடு தரவேண்டும். தொகையில் உடன்பாடு வரவில்லையென்றால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். இது பயிற்றுவித்த சின்னக் கிளப்பைக் காப்பாற்றும் நல்ல விதி. 24-க்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தால் அவர் சுதந்திரப் பறவை, கூடவே வேலையில்லாதவரும்கூட. கிளப்பே போய்விடும் ஆபத்தும் உண்டு. 2019 ஆகஸ்ட்டில் பரி கிளப் இ.எஃப்.எல்.லிலிருந்து நீக்கப்பட்டபோது சீசன் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, மற்ற அணிகளில் இடங்கள் நிரம்பியிருந்தன.

[திரையில்: கிழக்குக் கடலோர ஊர் கிரிம்ஸ்பி]

இத்தனைக்கும் நடுவே நீண்ட காலம் தாக்குப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள். டோனி ஃபோர்டு 1975-ல், 16 வயதில், கிரிம்ஸ்பி டவுனுக்காக இறங்கினார். 2001-ல் ரோச்டேலில் ஓய்வு பெறும்போது வயது 42. லீக் மேட்ச் 931. கோல்கீப்பர் அல்லாதவர்களில் இங்கிலாந்து வரலாற்றிலேயே அதிகம். அவர் வலது ஓரத்தில் தாக்கும் விங்கராகத் தொடங்கி, பின்னாளில் ரைட் பேக்காக, அதாவது வலது ஓர டிஃபென்டராக, மாறியவர். இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். விங்கரின் பிழைப்பு முதல் பத்து மீட்டர் வேகத்தில். அது முப்பதுக்குப் பிறகு குறையும். ரைட் பேக்காக இறங்கினால் ஆட்டம் முழுக்க அவர் கண் முன்னே நடக்கிறது. விங்கர் என்ன நினைக்கிறான் என்பது முன்னாள் விங்கருக்குத் தெரியும்.

கிரஹாம் அலெக்சாண்டரும் ரைட் பேக்தான். ஸ்கந்தார்ப், லூட்டன், பிரஸ்டன், பர்ன்லி. பர்ன்லியோடு பிரீமியர் லீக்கில் முதல்முறை இறங்கிய 2009 ஆகஸ்ட்டில் அவருக்கு வயது 37. பெனால்டி அடிப்பதில் கெட்டிக்காரர், அதனாலும் மேனேஜர்கள் அவரை விடவில்லை. ஒரே கிளப்பில் இருந்தவர் என்றால் ஸ்விண்டன் டவுனின் லெஃப்ட் பேக் ஜான் டிராலப். 1960 முதல் 1980 வரை 770 லீக் மேட்ச். மூன்றாம் டிவிஷன் அணியாக 1969-ல் வெம்ப்ளியில் ஆர்சனலை 3-1 என்று வென்று லீக் கோப்பையை எடுத்த அணியில் அவரும் இருந்தார். அந்த 770-ஐ 2023-24 சீசனில் தாண்டியது எம்.கே. டான்ஸின் டீன் லூயிங்டன். அவரும் லெஃப்ட் பேக்.

மேலே ஏறியவர்களில் டான் பர்னை மறக்க முடியாது. இரண்டு மீட்டர் உயரக்காரர். 11 வயதில் நியூகாசில் அவரை விடுவித்தது. சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளினார். டார்லிங்டனில் ஆடினார், 2011-ல் ஃபுல்லம் எடுத்தது. அங்கிருந்து லோனில் போன யோவிலுக்காக 2013-ல் வெம்ப்ளியில், மேல் லீக்குக்கு ஏறுவதை முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதியில் கோல் அடித்தார். பிறகு நியூகாசிலே திரும்ப வாங்கியது. 2025 மார்ச்சில் அதே வெம்ப்ளியில், லிவர்பூலுக்கு எதிரான லீக் கோப்பை இறுதியில், கார்னரில் தலையால் முட்டி முதல் கோல். 1955-க்குப் பிறகு நியூகாசில் வென்ற முதல் உள்நாட்டுக் கோப்பை அது.

அந்தத் தலை விஷயத்தை மறைக்கக் கூடாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் முன்னாள் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தது. மறதி நோய் உள்ளிட்ட மூளைத் தேய்வு நோய்கள் பொதுமக்களைவிட அவர்களுக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு. நிலைவாரியாகப் பார்த்தபோது டிஃபென்டர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு, கோல்கீப்பர்களுக்கு ஏறக்குறைய பொதுமக்களைப் போலத்தான். 2021-லிருந்து இங்கிலாந்தில் பயிற்சியில் வாரத்துக்குப் பலமான ஹெட்டர் (தலையால் முட்டுவது) பத்துக்கு மேல் வேண்டாம் என்பது வழிகாட்டுதல். 35 மீட்டருக்கு மேல் வரும் பந்து, கிராஸ், கார்னர், ஃப்ரீ கிக் எல்லாம் ‘பலமானது’ கணக்கில் வரும். சனிக்கிழமை மேட்ச்சுக்கு மட்டும் எண்ணிக்கை கிடையாது.

முப்பத்தைந்தை ஒட்டி ஒரு மே மாதம் பெயர் ‘விடுவிக்கப்படுபவர்’ வரிசையில் வரும். ஆட்டக்காரர் சங்கமான பி.எஃப்.ஏ. படிப்புக்கு உதவும். அதன் ஆதரவில் சால்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்த முன்னாள் ஆட்டக்காரர்கள் உண்டு. சிலர் பயிற்சியாளர் லைசென்ஸ் எடுப்பார்கள். ஆடும் ஆசை விடாதவர்கள் நான்-லீக்குக்கு இறங்குவார்கள். பகலில் வேலை, செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி, சனி மேட்ச். இளவயதில் எந்த நான்-லீக் மைதானத்தில் அடி வாங்கிக் கற்றாரோ, அதே மாதிரி ஒரு மைதானத்தில் இப்போது எதிரே நிற்பது லோனில் வந்த பையன். அங்கே பலருக்கு ஒப்பந்தமே கிடையாது. அப்படி ஒருவரை வேறொரு கிளப் கேட்க வேண்டுமென்றால் அவருடைய கிளப்புக்கு ஏழு நாள் முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்தால் போதும்.