எலும்பு கூடிய பிறகும்: விபத்து நடந்து ஓராண்டில் உடலும் மனமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பைக் விபத்தில் கால் முறிந்து, உள்ளே ராடு வைத்து வீடு திரும்பியவர்களை முதல் மூன்று மாதம் எல்லோரும் கரிசனமாக விசாரிப்பார்கள். ஒரு வருஷம் ஆனதும் கேள்வி மாறிவிடும்: "எலும்புதான் கூடிடுச்சே, இன்னும் ஏன் நொண்டுறே? இன்னும் ஏன் வண்டியைத் தொட மாட்டேங்கிறே?" இந்தக் கேள்வி அடிபட்டவரை எவ்வளவு குறுகவைக்கும் என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. இதற்கான பதில் பாதி உடம்பில் இருக்கிறது, பாதி மனசில் இருக்கிறது. பயந்து காலை ஊன்றாமல் நடந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் முட்டி திடீரென்று மடங்கும். அதுவே அடுத்த பயத்துக்குக் காரணமாகும்.

முதலில், எலும்பு உண்மையிலேயே கூடிவிட்டதா என்று பாருங்கள். தொடை எலும்பும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்தில் கூடிவிடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் தாமதமாகும். காலை ஊன்றும்போது முறிந்த இடத்தையே விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் புதிதாக எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் முட்டியைச் சுற்றி விறைப்பாக இருந்து, கொஞ்சம் நடந்ததும் குறைந்தால் அது பெரும்பாலும் மூட்டு விறைப்புதான். தையல் போட்ட இடம் சிவந்து சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது தொடைத் தசை. வீட்டில் தையல் டேப் இருக்குமே, அதுவே போதும். முட்டிச்சிப்பியின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே, இரண்டு தொடையிலும் பேனாவால் கோடு போட்டுச் சுற்றளவு எடுங்கள். அடிபட்ட கால் 2 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முன்தொடைத் தசை இன்னும் மீளவில்லை. படி இறங்கும்போது முட்டி 'பொசுக்'கென்று மடங்குவது இதனால்தான். எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், ஆனால் தசை அதனால் வளராது. விறைத்த மூட்டை யாரையாவது விட்டு முரட்டுத்தனமாக உருவி மடக்குவது ஆபத்து.

கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கி, 5 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. அது சுலபமானதும், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். தங்களை அறியாமலே முழு எடையையும் நல்ல காலில் போட்டு எழுவதால், மாதக்கணக்கில் செய்தாலும் அடிபட்ட கால் தேறுவதில்லை. நல்ல காலின் பாதத்தை அரை அடி முன்னால் தள்ளி வைத்து எழுந்தால் அடிபட்ட கால் வேலை செய்தே ஆக வேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

கைத்தடி பிடிப்பவர்கள் நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். வலி இல்லாத நாளில் கடை, கோயில், மாடி என்று எல்லாம் சுற்றிவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பது வேண்டாம். பத்து நிமிடத்தில் வலி ஏறுகிறது என்றால் எட்டு நிமிடத்தில் உட்காருங்கள். நல்ல நாளானாலும் மோசமான நாளானாலும் அதே அளவு. வாரம் ஒரு நிமிடம் கூட்டலாம்.

இனி மனசு. லாரி ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடுவது, விபத்து கனவில் வருவது, அந்த ரோட்டைத் தவிர்க்க ஊரைச் சுற்றிப் போவது, சின்ன விஷயத்துக்கும் வீட்டில் எரிந்து விழுவது. விபத்துக்குப் பிறகு ஒரு மாதம் தாண்டியும் இவை அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் இது சிகிச்சை தேவைப்படும் நோய், கோழைத்தனம் அல்ல. விபத்து நடந்த தேதி நெருங்கும் வாரங்களில் இவை கூடும். தலையிலும் அடிபட்டிருந்தால் கோபமும் மறதியும் மூளைக் காயத்தாலும் வரலாம், டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். தலைக்காயத்துக்காக வலிப்பு மாத்திரை தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

பயம் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே இருந்தால் தானாக இறங்கும். உச்சத்தில் திரும்பி ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். அதனால் படிப்படியாகப் போங்கள். ஸ்டாண்டு போட்ட வண்டியில் சும்மா உட்காருவது, பிறகு தெருவுக்குள் பின்னால் உட்கார்ந்து போவது, பிறகு காலி மைதானத்தில் ஓட்டுவது, கடைசியாக அந்த ரோடு. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை இருந்துவிட்டு எழுங்கள். பதற்றம் ஏறினால் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலது காலில் இருப்பதால், வலது கால் அடிபட்டவர்கள் சட்டென்று அழுத்த முடிகிறதா என்று பிசியோதெரபிஸ்டிடம் சோதித்த பிறகே ஓட்டலாம்.

வீட்டிலிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "எல்லாத்தையும் மறந்துடு" என்று சொல்லாதீர்கள், வலுக்கட்டாயமாக அந்த இடத்துக்கு அழைத்துப் போகவும் வேண்டாம். "இன்னிக்கு எதுவரைக்கும் போலாம்?" என்று கேளுங்கள்.

இரவில் தூங்க மதுவை நாடினால் நடுராத்திரி விழிப்பும் கெட்ட கனவும்தான் மிஞ்சும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் கடையில் வாங்கிப் போட்டால் சிறுநீரகமும் வயிறும் கெடும். மனநல மருத்துவர் தரும் மாத்திரை வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வருகிறது என்று பலர் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் முன் டாக்டரிடம் பேசுங்கள். விபத்து நினைவுகளையே எடுத்துப் பேசும் உளவியல் சிகிச்சையும் உண்டு, வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கட்டணமின்றி எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஓ.பி.யில் டாக்டர் முன் உட்காரும்போது பாதி மறந்துபோகும். எங்கே வலி, எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம், எந்த ரோட்டைத் தவிர்க்கிறீர்கள், என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரேக்களோடு கையில் கொண்டுபோங்கள்.

வணக்கம்.