ஹராஜுக்குவில் பிறந்த உடை, தொலைவில் பிறந்த சட்டங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தையல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஒரு உடையைப் பார்த்தால் அதன் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத்தான் கை போகும். இன்று பேசப்போகும் ஜப்பானிய லோலிடா உடையையும் அப்படித்தான் பார்க்கப்போகிறேன்.

லோலிடா என்பது நபோக்கோவின் நாவலில் ஓர் ஆணின் இச்சைக்கு ஆளான சிறுமியின் பெயர்தான், ஆனால் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். முழங்காலை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும் குடைப் பாவாடை, கழுத்துவரை பொத்தான் போட்ட பஃப் கைச் சட்டை, நீளக் காலுறை, தலையில் பெரிய ரிப்பன் அல்லது தாடைக்குக் கீழே நாடா கட்டும் பானெட் தொப்பி. உடம்பைக் காட்டுவதற்கு அல்ல, மூடி அலங்கரிப்பதற்குத் தைக்கிற உடை. பார்க்கிற ஆணுக்குப் பிடிக்குமா என்ற கேள்வியே இதில் கிடையாது.

இதன் வேர் டோக்கியோவின் ஹராஜுக்குப் பகுதியில் இருக்கிறது. 1970இல் அங்கே மில்க் என்ற கடை திறந்தது. 1973இல் பிங்க் ஹவுஸ் வந்தது. லேஸும் ஃபிரிலும் பூப்போட்ட பருத்தியும் வளர்ந்த பெண்களுக்கும் உரியவைதான் என்று இந்தக் கடைகள் துணிந்து விற்றன. 1988இல் ‘பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்’ தொடங்கியது. கடைக்கு இவ்வளவு நீளப் பெயரா என்று கேட்காதீர்கள், இந்த உலகத்தில் எல்லாமே கொஞ்சம் மிகைதான்.

ஹராஜுக்குவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவை நடப்பவர்களுக்கு விட்டுவிடுவார்கள். அலங்காரமாக உடுத்தியவர்கள் அங்கே கூடுவார்கள். 1998இல் அந்த ஏற்பாடு முடிந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மெய்ஜி ஆலயத்துக்குப் போகும் வழியில் உள்ள ஜிங்கு பாலம் லோலிடா உடை அணிந்த பெண்கள் கூடும் இடமாகப் பெயர் பெற்றது. அவர்களில் பலர் மாலிஸ் மிசேர் இசைக்குழுவின் ரசிகைகள். அந்தக் குழுவின் கிதார் கலைஞர் மானா ஓர் ஆண். மேடையில் கறுப்பு கவுனும் லேஸும் அணிந்து நிற்பார். 1999இல் அவரே மோவா மேம் மோவாத்தியே என்ற பெயரில் உடை நிறுவனம் தொடங்கினார். கறுப்பும் நீலமும் சிலுவையும் கொண்ட ‘காதிக் லோலிடா’ புகழ்பெற்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

2001இல் ‘காதிக் அண்ட் லோலிடா பைபிள்’ என்ற இதழ் வந்தது. எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். படங்களோடு தையல் வெட்டுப் படிவமும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்க முடியாதவள் தைத்துக்கொள்ளலாம்.

வாங்க முடியாதவர்கள் நிறையவே இருந்தார்கள். நல்ல கடையின் ஒரு கவுன் 20,000 யென்னுக்கு மேல் போகும். அச்சிட்ட துணியில் வரும் கவுன்கள் குறைந்த எண்ணிக்கையில்தான் வரும், தீர்ந்தால் பெரும்பாலும் தீர்ந்ததுதான். பின்லாந்திலோ மெக்சிகோவிலோ அமெரிக்காவின் சிற்றூரிலோ இருந்த பெண்ணின் பாடு இன்னும் மோசம். பல கடைகள் அப்போது வெளிநாட்டுக்கு அனுப்பவே இல்லை. ஜப்பானில் ஒருவரைப் பிடித்து, அவருக்குக் கூலி கொடுத்து வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டியிருந்தது. வந்து சேர்ந்த பிறகு அளவு பிரச்சினை. முதுகுப்பக்கம் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கியிருந்தால் தப்பித்தாள், இல்லாவிட்டால் இல்லை.

ஆக, 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் தொலைதூரப் பெண்கள் தாங்களே தைத்தார்கள். இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, இதழின் பக்கங்களை ஸ்கேன் செய்து பகிர்ந்து, ஜப்பானிய எழுத்து புரியாமல் படத்தை வைத்தே படித்தார்கள். அவர்கள் மாட்டிக்கொண்டது உள்பாவாடையில். நம் ஊர்த் தையல்காரர்கள் கேன்கேன் என்பார்களே, அதுதான். இந்த உடையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மணி போன்ற வடிவம் வேண்டுமென்றால் வலைத்துணியை அடுக்கடுக்காகச் சுருக்கித் தைக்க வேண்டும். இடுப்பு 70 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அடுக்குக்கு இரண்டு மடங்கு சுருக்கம் வைத்தால் முதல் அடுக்குக்கு 1.4 மீட்டர், இரண்டாவதற்கு 2.8, மூன்றாவதற்கு 5.6 மீட்டர். இவ்வளவும் கையால் சுருக்கினால் விரல் ஓய்ந்துவிடும். துணியை மிச்சம் பிடித்தாலோ, மேல்பாவாடை தொளதொளவென்று காலோடு ஒட்டும்.

அடுத்து லேஸ். மினுமினுக்கும் மலிவு நைலான் லேஸைக் கவுனில் வைத்தால் உடை விழாவேஷம் ஆகிவிடும். பருத்தி நூலில் பின்னிய டார்ச்சன் லேஸ் விலை கூடுதல்தான், ஆனால் துணியோடு துணியாக அமரும். இந்த வித்தியாசத்தைத் தொட்டுப் பார்த்தால் நொடியில் தெரியும். திரையில் படமாக மட்டும் பார்த்தவர்களுக்கு அதை வார்த்தையில் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

இந்த உடையை எப்படி உடுத்த வேண்டும் என்ற சட்டங்கள் இப்படித்தான் பிறந்தன என்பது என் எண்ணம். முழங்கால் தெரியக்கூடாது, தோள் மூடியிருக்க வேண்டும், தலையில் ஏதாவது இருக்க வேண்டும், மலிவு லேஸ் கூடாது. ஜிங்கு பாலத்தில் நின்றவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவளும் தன் விருப்பத்துக்கு எதையோ கலந்துதான் உடுத்தினாள். இதழில் அச்சான சில படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கோ அவையே இலக்கணமாகிவிட்டன. சரியாக உடுத்தாதவளை, பார்க்கவே வலிக்கிறது என்ற பொருளில், ‘இட்டா’ என்று கேலி செய்தார்கள். முதல் கவுனை ஆசையாகத் தைத்து, படம் எடுத்துக் காட்டிய பெண்ணிடம் அப்படிச் சொல்வது கொடுமைதான். ஆனால் வேடிக்கைக்கு விற்கும் வேலைக்காரி வேஷத்தையும் இதையும் ஒன்றாகப் பார்த்த ஊர்களில், கறாராக இல்லாவிட்டால் இந்த உடை தனியாக நின்றிருக்குமா என்பதும் சந்தேகம்.

தொலைவு என்றால் வெளிநாடு மட்டும் அல்ல. 2004இல் ஜப்பானில் ‘ஷிமோத்சுமா மொனோகாதரி’ படம் வந்தது. அதன் நாயகி இபராக்கி மாகாணத்து வயல்வெளிகளுக்கு நடுவே வாழ்பவள். பேபி கடையின் உடைக்காக ரயிலேறி டோக்கியோ போகிறாள், எம்ப்ராய்டரியில் கெட்டிக்காரி. கடல் கடந்த எத்தனையோ பெண்கள் அவளிடம் தங்களைக் கண்டதில் வியப்பில்லை.

பிறகு கதவுகள் திறந்தன. பேபி நிறுவனம் 2007இல் பாரிஸிலும் 2009இல் சான் பிரான்சிஸ்கோவிலும் கடை வைத்தது. அதே 2009இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் லோலிடா மாடல் மிசாகோ அவோகியைத் தன் கலாசாரத் தூதர்களில் ஒருவராக அறிவித்தது. அவர் செவிலியராகவும் பணிபுரிந்தவர்.

2017இல் ‘காதிக் அண்ட் லோலிடா பைபிள்’ இதழ் நின்றுபோனது. இன்று சீன நிறுவனங்கள் குறைந்த விலையில், பல அளவுகளில், முன்பதிவு வாங்கித் தைத்து உலகம் முழுக்க அனுப்புகின்றன. உள்பாவாடையும் தைத்தே வருகிறது. என் மாணவிகள் கேட்டால் அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். 5.6 மீட்டரைச் சுருக்குவது யாருக்கும் பொழுதுபோக்கு அல்ல. லேஸை மட்டும் கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.