கையுறையால் துடைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் கொரோனா காலத்து முகக்கவசத்தை அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டீர்கள். கவசத்தை மாட்டி இரண்டு மூச்சு விடுவதற்குள் கண்ணாடி வெளுத்துவிடும். கழற்றித் துடைப்போம், மாட்டுவோம், மறுபடியும் வெளுக்கும். மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது அது வெறும் எரிச்சலோடு போய்விடுகிறது. அதுவே பனி மூடிய மலைச் சரிவில், இரண்டு காலிலும் பலகையைக் கட்டிக்கொண்டு வேகமாக இறங்கும்போது நடந்தால் எப்படி இருக்கும்? எதிரே இருக்கும் மேடு தெரியாது, பள்ளம் தெரியாது, குறுக்கே விழுந்து கிடக்கும் குழந்தை தெரியாது. பனிச்சறுக்குக் கண்ணாடிக்குள் ஆவி படியாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இராணுவப் பணியில் இருந்தபோது காஷ்மீரின் குல்மார்க்கில் நான் பனிச்சறுக்குக் கற்றேன். 1948-இல் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியாக அங்கே தொடங்கிய நிலையம்தான் இன்று உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் குளிர்காலம் வந்துவிட்டால் மனம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஊரே 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் காரில் ஏறினால், நடுவில் கொங்டூரியில் மாறி, அபர்வத் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்களை இப்போது அங்கே நிறையவே பார்க்கிறேன். பூட்ஸ், பலகை, கண்ணாடி எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்கிறார்கள். பலகையை எப்படி மாட்டுவது என்று சொல்லித்தரப் பத்துப் பேர் ஓடி வருவார்கள். கண்ணாடியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? வெளியே பனி கொட்டுகிறது, அதுதான் உள்ளே புகுந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உங்கள் முகத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் வருவது. மலையில் குளிர் மைனஸ் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கும் காற்று உங்கள் முகச் சூட்டில் வெதுவெதுப்பாக, வியர்வை ஈரத்தோடு இருக்கிறது. அந்தக் காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டதும் தன் ஈரத்தை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது. சென்னையில் ஏசி காரை விட்டு இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குகிறதே, அதுவும் இதே கணக்குதான். ஈரக் காற்று, குளிர்ந்த பரப்பு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஆவி படியும்.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்றுதான். லென்ஸின் உள்பக்கம் மிகவும் குளிர்ந்துவிடாமல் காக்க வேண்டும். ஈரக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதையும் மீறிப் படிகிற ஈரம் துளித்துளியாக நின்று பார்வையை மறைக்காமல் செய்ய வேண்டும்.

முதல் வேலையைச் செய்து காட்டியவர் ஒரு பல் மருத்துவர். அமெரிக்காவைச் சேர்ந்த பாப் ஸ்மித், பல் வரிசையைச் சீராக்கும் நிபுணர், பனிச்சறுக்கில் தீராத ஆசை கொண்டவர். புதுப்பனி விழுந்த நாளில்தான் சறுக்குவது இன்பம். அந்த நாளில்தான் கண்ணாடியும் மங்கித் தொலைக்கும். 1965-இல் அவர் ஒரு லென்ஸுக்குப் பதில் இரண்டு லென்ஸ்களை, நடுவில் காற்று நிற்கும்படி ஒட்டி மூடினார். விளிம்பில் காற்று ஊடுருவக்கூடிய ஃபோம் வைத்தார். வெளி லென்ஸ் எவ்வளவு குளிர்ந்தாலும், நடுவில் அடைபட்ட காற்று அந்தக் குளிரை உள் லென்ஸுக்கு எளிதில் கடத்துவதில்லை. இன்று உலகெங்கும் விற்கும் நல்ல பனிச்சறுக்குக் கண்ணாடிகள் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒற்றை லென்ஸ் கண்ணாடியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஓரத்தைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு அடுக்கு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது வேலையைச் செய்வது உள் லென்ஸின் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சு. ஈரத்தை அது தடுப்பதில்லை. படிகிற ஈரத்தைத் துளிகளாக உருளவிடாமல் ஒரே படலமாகப் பரப்பிவிடுகிறது. படலத்தின் வழியே பார்வை போகும். துளிகளின் வழியே போகாது. இந்தப் பூச்சு மிகவும் மென்மையானது. நனைந்திருக்கும்போது இன்னும் மென்மையாகிவிடும்.

இப்போது என் மனத்தில் கிடக்கும் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். உள்பக்கத்தைத் துடைக்காதீர்கள். கையுறையாலோ, கைக்குட்டையாலோ, சட்டை நுனியாலோ துடைக்காதீர்கள்.

வாடகைக் கடையில் தொங்கும் ஒரு கண்ணாடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உள் லென்ஸின் வலப்பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, வளைவு வளைவாகக் கோடுகள் ஓடும். யாரோ ஒருவருடைய கையுறைக் கட்டைவிரல் போய் வந்த தடம் அது. அந்த இடத்தில் வாய் வைத்து மெல்ல ஊதுங்கள். மற்ற இடமெல்லாம் மங்கி உடனே தெளிந்துவிடும். அந்தக் கோடுகள் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். அங்கே பூச்சு போய்விட்டது. இனி அந்தக் கண்ணாடியை யார் போட்டாலும் அந்த இடத்தில் ஆவி படியும். அவர் மறுபடி துடைப்பார், கோடு இன்னும் அகலமாகும்.

ஈரம் பட்டுவிட்டால் என்ன செய்வது? கழற்றி, நன்றாக உதறுங்கள். கண்ணாடியோடு வரும் மென்மையான துணிப்பையால் ஒற்றி எடுங்கள். ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. ஃபோம் நனைந்திருந்தால் அதையும் துணியால் அழுத்திப் பிழியுங்கள். ஏனென்றால் ஈர ஃபோம் நாள் முழுக்க உள்ளே ஆவியை ஊட்டிக்கொண்டே இருக்கும். பிறகு காற்றாட வையுங்கள்.

துடைக்கக்கூட வழியில்லாத ஒருவருக்கு இதே சங்கடம் நேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த வரலாறு அது. 1966 ஜூன் 5. ஜெமினி 9 விண்கலத்திலிருந்து யூஜின் செர்னான் என்ற விண்வெளி வீரர் வெளியே வருகிறார். உள்ளே இருப்பவர் தாமஸ் ஸ்டாஃபோர்ட். கலத்தின் பின்பக்கம் போய், அங்கே வைத்திருக்கும் ஒரு பறக்கும் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு இயங்க வேண்டும் என்பது திட்டம். காற்று நிரம்பிய உடை விறைத்து நிற்கிறது. பிடித்துக்கொள்ளப் போதிய பிடிமானம் இல்லை. ஒவ்வோர் அசைவுக்கும் உடலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வியர்வை பெருகுகிறது. உடைக்குள் சுற்றிவரும் ஆக்சிஜனால் அவ்வளவு வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கி வெளியேற்ற முடியவில்லை. தலைக்கவசத்தின் முகக் கண்ணாடி முழுக்க ஆவி. கையை உள்ளே விட முடியுமா? முடியாது. அவர் மூக்கின் நுனியால் கண்ணாடியைத் தேய்த்து ஒரு சிறு வட்டத்தைத் தெளிய வைத்தார், நேயர்களே. கீழே பூமி சுற்றுகிறது, அந்த மனிதர் மூக்கால் தேய்த்த துளையின் வழியே பார்க்கிறார். திட்டத்தைப் பாதியில் கைவிட்டு, பார்வை சரியில்லாமலே வாசலைத் தேடி உள்ளே திரும்பினார். இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக வெளியே இருந்தார். இதே செர்னான்தான் 1972 டிசம்பரில் நிலவில் நடந்து, அங்கிருந்து கடைசியாகப் புறப்பட்ட மனிதர்.

அதற்குப் பிறகுதான் வீரர்களின் முகக் கண்ணாடியில் ஆவியைத் தடுக்கும் கரைசலைப் பூசும் வழக்கம் உறுதிப்பட்டது. அந்தக் கரைசலிலும் ஓர் ஆபத்து இருந்தது. 2001-இல் கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் விண்வெளியில் வேலை செய்துகொண்டிருந்தபோது அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. எடையற்ற இடத்தில் கண்ணீர் வழியாது. அது ஒரு கண்ணில் திரண்டு மூக்கைக் கடந்து அடுத்த கண்ணுக்கும் போனது. சிறிது நேரம் இரண்டு கண்ணும் தெரியாமல் நின்றார்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், சோப்பு தடவுங்கள், ஷாம்பு தடவுங்கள், எச்சில் தடவுங்கள் என்று மலையில் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். கடலில் முக்குளிக்கிறவர்கள் தங்கள் கண்ணாடியில் எச்சில் தடவுவது உண்மைதான், அங்கே அது பயன்படும். மைனஸ் பத்தில் எச்சில் உறைந்துபோகும். சோப்போ, பூச்சுள்ள லென்ஸைக் கெடுக்கும். வியர்வையோடு கரைந்தால் கண்ணில் இறங்கும். பூச்சு நன்றாக இருந்தால் இவை எதுவுமே தேவையில்லை. அதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: துடைக்காதீர்கள்.

அடுத்தது சூடு காட்டுவது. குல்மார்க் விடுதிகளில் புகாரி என்ற தகர விறகடுப்பு அறையைச் சூடாக்கும். மாலையில் எல்லோரும் கையுறையையும் காலுறையையும் அதைச் சுற்றிக் காயப்போடுவார்கள். ஒருமுறை கோவையிலிருந்து வந்த ஒரு மாணவர் கண்ணாடியையும் அதன் புகைக் குழாய் அருகே தொங்கவிட்டார். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், இரண்டு லென்ஸையும் சேர்த்து ஒட்டியிருந்த விளிம்பு ஒரு மூலையில் வாய் பிளந்திருந்தது. மலைக்குப் போன சிறிது நேரத்தில் இரண்டு அடுக்குக்கும் நடுவே ஈரம் புகுந்துவிட்டது. அங்கே துணியும் எட்டாது, விரலும் எட்டாது. அந்த லென்ஸ் அதோடு சரி. ஹீட்டர், ஹேர் டிரையர், காரின் சூடான காற்று எதுவும் வேண்டாம். அறையில் ஓர் ஆணியில் இரவு முழுக்கத் தொங்கினால் போதும், தானே உலர்ந்துவிடும்.

நேரம் குறைந்துகொண்டு வருகிறது, விட்டுவைத்த இரண்டாவது வேலையை, காற்றோட்டத்தை, சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் குளிர் என்றதும் குரங்குக் குல்லாவை இழுத்து, அதன் விளிம்பைக் கண்ணாடிக்குள் செருகிக்கொள்கிறார்கள். விடுகிற மூச்சு முழுவதும் நேரே லென்ஸுக்குத்தான் போகும். மஃப்ளரோ குல்லாவோ, மூக்குக்குக் கீழே நிற்கட்டும். கண்ணாடியின் மேலும் கீழும் இருக்கும் காற்றுத் துளைகளில் பனி அடைத்திருந்தால் தட்டி விடுங்கள். களைத்து நிற்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. தலையிலிருந்து எழும் சூடும் வியர்வையும் அதற்குள்ளேதான் சேரும். சறுக்கும்போது காற்று தானே உள்ளே புகுந்து வெளியேறும், நிற்கும்போது அது நடக்காது. ஆகவே வரிசையில் நிற்கையில் கண்ணாடியை முகத்திலிருந்து ஒரு விரல் தூரம் முன்னால் இழுத்துப் பிடியுங்கள். கொங்டூரியில் தேநீர்க் கடைக்குள் போனால் கழற்றி ஓரமாக வையுங்கள். முழுவதும் தெளிந்த பிறகே மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். ஈரத்தோடு வந்தால் அது உறைந்துவிடும்.

ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று தயாரிப்பாளர் கை காட்டுகிறார். பனியில் பட்டுத் திரும்பும் கதிரால் கண் பாதிக்கப்படும் பனிக்குருடு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், மூன்று வாக்கியம் மட்டும் சொல்கிறேன். கண்ணாடி மங்கிவிட்டதே என்று எரிச்சலில் கழற்றிவிட்டு வெறும் கண்ணோடு இறங்காதீர்கள். புதுப்பனி தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், மேகமூட்டத்திலும் அந்த ஆபத்து இருக்கிறது. வலி உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் அறுக்கும்.

மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் அதன் மேலேயே போடக்கூடிய அகலமான பனிச்சறுக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள், அந்த வகை கிடைக்கிறது. உள்ளே இருக்கும் மூக்குக் கண்ணாடியும் மங்கும் என்பதால், கான்டாக்ட் லென்ஸ் பழகியவர்கள் அதைப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. பழகாதவர்கள் மலையில் முதல் முறையாக முயல வேண்டாம், ஊரிலேயே கண் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

நன்றி, வணக்கம்.