இரண்டு பாட்டிகளுக்கும் ஒரே பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எந்த ஊரிலிருந்து நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தாலும், உங்கள் தெருவில் ஓர் ஆறுமுகம் இருப்பார். அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டினால் ஆறுமுகன் என்று இருக்கும். வீட்டில் சண்முகம், பள்ளிக்கூடத்தில் சண்முகன். வேலாயுதம் வேலாயுதன் ஆவார், சுந்தரம் சுந்தரன் ஆவார். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. மலையாளத்தில் ஆண்பிள்ளைப் பெயர் 'அன்' என்று முடிவது இயல்பு. எழுதுகிறவர் கை தானாக அப்படிப் போய்விடும். 1956இல் கேரளம் உண்டானபோது வந்த வழக்கம் என்றும் சொல்ல முடியாது. சித்தூர் அதற்கு முன்பே கொச்சி ராஜ்யத்து ஊர்.

நான் தமிழ் மீடியத்தில் பாடம் எடுத்த டீச்சர். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வந்து உட்காரும்போது ரெஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவேன். ஒரு பையன் பேசாமல் இருப்பான். பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடித்து, "டேய், உன்னத்தான்டா கூப்புடறாங்க" என்பான். அந்தப் பெயர் தன்னுடையது என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பெயர் விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்தது.

சரி, இன்றைக்குப் பேச வந்த விஷயம். என் தங்கை மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அவன் மனைவி மெக்சிகோ வழிக் குடும்பத்துப் பெண். வீட்டில் ஸ்பானிஷ், வெளியில் ஆங்கிலம், இங்கிருந்து போனில் கூப்பிட்டால் தமிழ். பையன் பிறக்கப்போகிறான் என்று தெரிந்ததும் கேட்டான்: "பெரியம்மா, இங்கிலீஷுக்கும் ஸ்பானிஷுக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரு பேரு சொல்லுங்க. உங்களுக்கும் பிடிக்கணும்."

இப்படி ஒரு கேள்வி நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. எங்கள் தாலுகாவில் பிறந்த பழனிச்சாமிக்கு, இங்கே ஆங்கிலத்தில் எழுதினால் 'பி, ஏ' போட்டு அடுத்து 'இஸட், எச்' வரும். ஆலப்புழைக்கும் கோழிக்கோட்டுக்கும் போடுகிற அதே 'இஸட், எச்'. அவரே பொள்ளாச்சியில் பெண் எடுத்து அங்கே ஒரு பத்திரம் எழுதினால் 'எல்' போட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட் என்று போய் நிற்கும்போது இவர் வேறு, அவர் வேறு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடிதம் எழுதிக்கொண்டு அலைந்தவர்கள் இந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இரண்டு மொழிக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு, பெயரில் ஓர் எழுத்து என்பது சின்ன விஷயம் இல்லை.

நான் உட்கார்ந்து ஸ்பானிஷ்காரர்கள் எழுத்தை எப்படி வாசிப்பார்கள் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆங்கில 'ஜே' எழுத்தை அவர்கள் தொண்டையிலிருந்து 'ஹ' என்பார்கள். நம் ஜெயன் அங்கே ஹெயன். 'எச்' எழுத்தை வாசிக்கவே மாட்டார்கள், அதனால் ஹரி வெறும் அரி. 'வி'யும் 'பி'யும் அவர்கள் காதுக்கு ஒன்றுதான். வாசு கேட்டால் பாசு மாதிரி இருக்கும். இரண்டு 'எல்' சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 'ய' ஆகிவிடும். வள்ளல் என்று ஒரு பெயர் வைத்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லிப் பாருங்கள். ஸ்கந்தன் என்றால் முன்னால் ஓர் 'எ' சேர்த்து எஸ்கந்தன் என்பார்கள், ஸ்கூலை இஸ்கூல் என்கிற நம் பாட்டிகளைப் போல. மணி என்ற பெயரை நான் ஆசையாகச் சொன்னேன். லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் அப்படிச் சொன்னால் நிலக்கடலையாம். சூர்யா, ஆதித்யா எல்லாம் அழகுதான். ஆனால் 'ஆ' என்று முடிந்தால் ஸ்பானிஷில் பெரும்பாலும் பெண்பிள்ளைப் பெயர். ஆங்கிலத்தின் தொல்லை வேறு. அருண் என்று எழுதிக்கொடுத்தால் 'அ-ரன்' என்று ஓட வைத்துவிடுவார்கள். ஸ்பானிஷில் 'யு' எழுத்து பெரும்பாலும் 'உ'தான், அங்கே அருண் அருணாகவே இருப்பான்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. டேனியல், டேவிட், சாமுவேல், கேப்ரியல் எல்லாம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரே மாதிரி எழுதுகிற பெயர்கள், சத்தம்தான் மாறும். ஸ்பானிஷ் பாட்டி வாயில் அது தானியேல். நம் தமிழ் பைபிளிலும் தானியேல்! சாமுவேலும் அப்படியே. ஆங்கிலக்காரர்களைவிட நாம்தான் கிட்டே இருக்கிறோம். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள். சர்டிபிகேட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, இரண்டு பெயர் வைத்துவிடலாம் என்று. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இரண்டு பெயர் வைத்தால் ஒன்று காகிதத்துப் பெயர், மற்றது பாட்டிக்கு மட்டும் சொந்தமான பெயர். பாட்டி போனதும் அந்தப் பெயரும் போய்விடும். ரெஜிஸ்டரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பையன்களைத்தான் அது உண்டாக்கும்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். பாலக்காட்டில் பந்து பார்க்காத வீடு குறைவு, அதனால் யோஹான் க்ரைஃப் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹாலந்து நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர். 1973இல் ஸ்பெயினில் பார்சிலோனா அணிக்கு ஆட வந்தார். அப்போது அங்கே சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி. பார்சிலோனா இருக்கிற பகுதியில் மக்கள் பேசுவது கத்தலான் மொழி. ஆனால் பிறப்புப் பதிவேட்டில் கத்தலான் பெயர் எழுத விடமாட்டார்கள், ஸ்பானிஷ் பெயராக மாற்றித்தான் எழுத வேண்டும். நம் ஆறுமுகத்துக்குக் கைப்பழக்கத்தில் நடந்தது, அங்கே ஆணையாக நடந்தது. க்ரைஃபின் மனைவிக்குப் பிரசவ நேரம். 1974 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் பையன் பிறந்தான். ஜோர்டி என்று பெயர் வைத்தார்கள். கத்தலோனியாவின் காவல் புனிதரான புனித ஜார்ஜின் பெயர்தான் அது. கேரளத்தில் வர்கீஸ் என்றும் கீவர்கீஸ் என்றும் கூப்பிடுகிறோமே, அதே பெயர். ஹாலந்தில் பதிவு முடிந்தது. குழந்தையோடு பார்சிலோனா திரும்பி, அங்கேயும் பதியப் போனால் ஜோர்டி ஆகாது, ஹோர்ஹே என்று எழுதுங்கள் என்றார்கள். க்ரைஃப் அசையவில்லை. என் நாட்டில் எழுதியாகிவிட்டது, பிள்ளையின் பெயர் ஜோர்டிதான் என்று நின்றார். கடைசியில் பதிவு செய்தார்கள். கத்தலான் பெற்றோர் எல்லாருக்கும் அந்த உரிமை 1977இல் சட்டம் மாறிய பிறகுதான் கிடைத்தது. அந்தப் பையன் வளர்ந்து அதே பார்சிலோனாவுக்கு ஆடினான், முதுகில் ஜோர்டி என்று எழுதிய சட்டையோடு. இந்தக் கதையை என் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கும், எனக்கு அந்த அப்பா பிடிக்கும். இரண்டு நாட்டிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து. அதற்காக நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பெயருக்கு வருகிறேன். தங்கைக்குச் சேரன் என்று வைக்க ஆசை. தமிழருக்கும் மலையாளிக்கும் பொதுவான பெயர் அல்லவா! மெக்சிகோப் பாட்டிக்கும் அது புதிதில்லை. அவர்கள் நாட்டில் மிச்சோவகான் மாநிலத்தில் செரான் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் ஷெரன் என்று வாசித்துவிடுவார்கள். அங்கே ஷாரன் பெண்பிள்ளைப் பெயர். மனசில்லாமல் விட்டோம்.

அப்போதுதான் ஒன்று கவனித்தோம். ஸ்பானிஷில் அட்ரியான், ஹூலியான், ஃபாபியான், இவான் என்று எத்தனை ஆண்பெயர்கள் நம் பெயர்களைப் போலவே 'ன்' என்று முடிகின்றன! முடிவு ஒத்துப்போகிறது, நடுவில் தகராறு இல்லாத எழுத்தாகப் பார்த்தால் போதும். அப்படி வந்த பெயர்தான் அமரன். அ, ம, ர, ன. இதில் எந்த எழுத்தும் எந்த மொழியிலும் வழுக்கவில்லை. கேமரன் என்று கூப்பிடத் தெரிந்த ஆங்கிலக்காரருக்கு அமரன் கஷ்டம் இல்லை. மலையாளத்திலும் அமரன்தான், ஆபீசில் மாற்ற ஒன்றும் இல்லை. ஸ்பானிஷ் பெயர்களில் எழுத்துக்கு மேலே ஒரு சாய்ந்த கோடு போடுவார்கள். கலிபோர்னியாவில் 1986இல் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கி வாக்களித்த பிறகு, பிறப்புச் சான்றிதழில் வெறும் 26 எழுத்துதான் என்று நெடுங்காலம் நடந்துவந்தது. அமரனுக்கு அந்தக் கோடும் வேண்டாம்.

எழுதிப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், கூப்பிட்டுப் பாருங்கள். இங்கே மலையாளிகள் வீட்டில் இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் பெயரைச் சொல்வார்கள். பெயர் முதலில் காதுக்குத்தான் போகிறது. எங்கள் வீட்டில் தங்கையை வாசலில் நின்று உரக்கக் கூப்பிடச் சொன்னோம். அந்தப் பக்கத்துப் பாட்டியைப் போனில் கூப்பிடச் சொன்னோம். இரண்டும் ஒரே பெயராகக் கேட்டது. அப்புறம்தான் முடிவு செய்தோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. இனிஷியல் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஒரே வார்த்தையில் சொல்கிறேன்: ஸ்பானிஷ் வழக்கில் அப்பா குடும்பப் பெயர், அம்மா குடும்பப் பெயர் இரண்டும் கடைசியில் வரும், நமக்கு அப்பா பெயர்தான். எதை எங்கே எழுதுவது என்று முன்பே பேசிவிடுங்கள். ஏனென்றால் நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வருவதற்குள்ளேயே வழக்கமாகப் படிவத்தை நீட்டிவிடுவார்கள். பிரசவம் பார்க்க அங்கே போகிற அப்பத்தாக்கள், அம்மாயிகள், விமானம் ஏறும் முன்பே பெயரை எழுத்துக்கூட்டி ஒரு தாளில் எழுதி, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.